நூல் இல்லாத காத்தாடி

போன மாதம் திருவொற்றியூரில் கடலை ஒட்டிய மண்டபம் ஒன்றில் உறவுக்காரர் வீட்டு வரவேற்பு. மாலை ஆறு மணி இருக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. பேண்டு வாத்தியம் முழங்குகிறது, கடல்காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது. தெருவுக்கு மேலே, மூன்று மாடி உயரத்தில், ஒரு ட்ரோன் ஆணி அடித்தது போல நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஏழாவது படிக்கும் என் அக்கா மகன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

“மாமா, நூலே இல்லாம அது எப்படி அங்கயே நிக்குது? இந்தக் காத்துக்கு இந்நேரம் ரயில்வே லைன் பக்கம் போயிருக்கணுமே?”

காத்தாடி விட்டுப் பழகிய பையன் கேட்கும் கேள்வி இது. காத்தாடி நிற்பதற்குக் காரணமே நூல்தான். டீல் போட்டு அறுந்துவிட்டால், கடல்காற்று அதைத் தூக்கிக்கொண்டு மேற்கே ரயில்வே லைனைத் தாண்டிப் போய்விடும். ட்ரோனுக்கு அந்த நூல் எது? வரவேற்பு முடியும்வரை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பறப்பது எப்படி என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது பள்ளிக்கூட இயற்பியல்தான். நான்கு விசிறிகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ட்ரோன் மேலே தள்ளப்படுகிறது. மூலைக்கு மூலை எதிரே உள்ள இரண்டு விசிறிகள் கடிகாரத் திசையிலும், மற்ற இரண்டு எதிர்த் திசையிலும் சுற்றுவதால் உடம்பு பம்பரமாகச் சுழலாது. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே போதும், ட்ரோன் எந்தப் பக்கமும் சாயும், திரும்பும், நகரும். இறக்கையோ வாலோ தேவையில்லை.

காற்று தள்ளும்போது என்ன நடக்கிறது? அந்த ட்ரோனை உற்றுப் பார்க்கச் சொன்னேன். அது மட்டமாக நிற்கவில்லை. கடல் இருக்கும் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் முன்னால் குனிவது போலத்தான் இதுவும். மேற்குப் பக்க விசிறிகள் ஒரு கணம் வேகமெடுத்து அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடும். சாய்ந்ததும், மேல்நோக்கிய விசையில் ஒரு பங்கு கிழக்கே திரும்பிக் காற்றின் தள்ளலைச் சரிக்கட்டும். 20 டிகிரி சாய்ந்தால், எடையைத் தாங்க மொத்தத்தில் சுமார் 6 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். அந்தச் சாய்வை ட்ரோன் எடுக்கும் படத்தில் பார்க்க முடியாது. கேமரா தொங்கும் கிம்பலில் மூன்று குட்டி மோட்டார்கள் உண்டு. உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவை கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பி மட்டமாக வைத்துவிடும். கல்யாண ஆல்பத்தில் அடிவானம் நேர்கோடாகத் தெரிவது அதனால்தான்.

சரி, எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பது ட்ரோனுக்கு எப்படித் தெரியும்? என்னை உருக வைப்பது இந்த இடம்தான்.

நான்கு விசிறி ட்ரோன் தானாக நிலைத்து நிற்கும் பொருள் அல்ல. கட்டுப்பாட்டுச் சில்லு (சிப்) கைவிட்டால் ஓரிரு நொடியில் கவிழ்ந்துவிடும். குச்சியை விரல் நுனியில் நிறுத்துவது போல, வினாடிக்குப் பல நூறு முறை அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்துவதற்கு முதலில், எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் சாயத் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஜைரோஸ்கோப். இந்தப் பெயரைக் கேட்டதும் சுழலும் சக்கரம்தான் நினைவுக்கு வரும். ட்ரோனில் இருப்பதில் சக்கரம் கிடையாது. எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு சில்லு, அதற்குள் சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய திண்டு, அதைத் தாங்கும் சிலிக்கான் சுருள்கள். அந்தத் திண்டு சுற்றுவதில்லை. முன்னும் பின்னும் நடுங்குகிறது, வினாடிக்குப் பல்லாயிரம் முறை.

நடுங்கும் ஒரு பொருள் சுழற்சியை எப்படி உணரும்? திருவிழா ரங்கராட்டினத்தின் வட்டத் தட்டில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றால் கால் அடியில் உள்ள தரை மெதுவாக நகரும், விளிம்பில் வேகமாக நகரும். தட்டு சுற்றும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நடங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னைவிட வேகமான தரையில் கால் வைக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு அந்த வேகம் இன்னும் வரவில்லை, அதனால் யாரோ பக்கவாட்டில் தள்ளுவது போல இருக்கும். விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பி நடந்தால் உங்களிடம் வேகம் மிச்சமிருக்கும், தரை மெதுவாகிவிடும். இப்போது தள்ளல் முன்னதற்கு எதிர்ப்பக்கமாக, தட்டு சுற்றும் திசையில் வரும். தட்டு சுற்றவில்லை என்றால் எத்தனை முறை நடந்தாலும் ஒரு தள்ளலும் கிடையாது.

இதைக் கணக்காக எழுதியவர் பிரான்சைச் சேர்ந்த கொரியோலி, 1835இல். நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்தபோது இது அவருக்குக் கிடைத்தது. அவருடைய சூத்திரத்தில் ஒரு 2 வரும். கல்லூரியில் அதை மனப்பாடம் செய்தேன், புரிந்தது பல வருடம் கழித்துத்தான். அந்த இரண்டில் ஒரு பங்கு, மேலே சொன்னது போலத் தரையின் வேகம் மாறுவதால் வருவது. இன்னொரு பங்கு, நீங்கள் நடக்கும் திசையையே தட்டு திருப்பிவிடுவதால் வருவது. இரண்டும் சரிசமம். புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023 டிசம்பரில் நம் ஊரை மூழ்கடித்த மிக்ஜாம் புயலைச் சுழல வைத்ததும் இதே கொரியோலி விளைவுதான்.

இப்போது அந்தச் சிலிக்கான் திண்டுக்கு வருவோம். அது முன்னும் பின்னும் நடுங்குவது, தட்டில் ஒருவர் நடுவுக்கும் விளிம்புக்கும் ஓயாமல் நடப்பது போன்றது. ட்ரோன் அசையாமல் இருக்கும்வரை திண்டு நேர்கோட்டில் நடுங்கும். ட்ரோன் துளி சாயத் தொடங்கினாலும் அது ஒரு சுழற்சிதான், உடனே திண்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தள்ளல் கிடைக்கும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். எவ்வளவு வேகமாகச் சாய்கிறதோ அவ்வளவு பலமான தள்ளல். அந்தப் பக்கவாட்டு நடுக்கத்தை அளந்துவிட்டால் சாயும் வேகம் கையில் வந்துவிடும்.

அளப்பதற்கும் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேன் சீப்புகளைப் பல்லுக்கிடையில் பல் வருமாறு, ஒன்றையொன்று தொடாமல் கோத்துப் பிடியுங்கள். ஒரு சீப்பு திண்டோடு ஒட்டியிருக்கிறது, மற்றது சில்லின் உடம்போடு. பற்களுக்கிடையே இடைவெளி சில மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் பற்களில் தேங்கும் மின்னூட்டம் மாறும், பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்த மின்தேக்கிதான் இது. மெதுவான சாய்வில் அந்தத் திண்டு பக்கவாட்டில் நகரும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கும். அதையும் அந்தச் சில்லு கண்டுபிடித்துச் சொல்கிறது. கல்யாணத் தெருவில், அதுவும் பேண்டு சத்தத்துக்கு நடுவில்.

அந்தச் சத்தமும் விசிறிகளின் அதிர்வும் திண்டைக் குழப்பாதா என்று கேட்கலாம். அதற்காகவே திண்டுகளை ஜோடியாக வைத்து, ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே போகுமாறு நடுங்க வைக்கிறார்கள். வெளி அதிர்வு இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும், சுழற்சி மட்டும் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அதிர்வு அடிபட்டுப்போகும், சுழற்சி மிஞ்சும். தவிலும் டிரம்மும் எழுப்பும் ஒலி வினாடிக்குச் சில நூறு, சில ஆயிரம் அதிர்வுகள்தான். பெரும்பாலான சில்லுகளின் நடுக்கம் நம் காது கேட்கும் எல்லையான 20,000த்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆனாலும் சில்லின் அதே அதிர்வெண்ணில் வேண்டுமென்றே ஒலி எழுப்பினால் ட்ரோனை விழ வைக்கலாம் என்று 2015இல் தென்கொரிய ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

இந்த உத்தியை மனிதன் கண்டுபிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே வைத்திருந்த உயிரைக் காசிமேடு மீன் மார்க்கெட்டில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். ஈ. அதற்கு இரண்டே இறக்கைகள். பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் கதாயுதம் போல இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது அவையும் இறக்கையோடு சேர்ந்து துடிக்கும். ஈ திரும்பினால் குமிழ்களுக்குப் பக்கவாட்டுத் தள்ளல் கிடைக்கும், அடியிலுள்ள நரம்புகள் அதை உணரும். குமிழ்களை வெட்டிவிட்டால் ஈயால் ஒழுங்காகப் பறக்க முடியாது என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அவை ஜைரோஸ்கோப் போல வேலை செய்கின்றன என்பதை 1948இல் விளக்கியவர் பிரிங்கிள் என்ற ஆங்கிலேய உயிரியலாளர். மீன் கூடையில் உட்காரும் ஈயை விரட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஜைரோஸ்கோப் மட்டும் போதாது. அது சொல்வது வேகத்தை. அதைக் கூட்டிக் கூட்டித்தான் கோணம் கிடைக்கிறது, கூட்டும்போது சின்னப் பிழைகளும் சேர்ந்து வளரும். அதனால் கீழ்த்திசை எது என்று புவியீர்ப்பை வைத்துச் சொல்லும் முடுக்கமானி வேண்டும். உயரத்துக்குக் காற்றழுத்தமானி. ஒரு மீட்டர் மேலே போனால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். இடத்துக்கு ஜி.பி.எஸ்., திசைக்குக் காந்த ஊசியின் வேலையைச் செய்யும் காந்தமானி. தாழ்வாகப் பறக்கும்போது வயிற்றுப்பக்கக் கேமரா தரையின் புள்ளிகளைப் பார்த்து நகர்வைக் கணிக்கும். மணமக்களை அலைக்கு மேலே படம் பிடிக்கும்போது ஆபரேட்டர்கள் பயப்படுவது இந்தக் கேமராவை நினைத்துத்தான். கீழே அலை நகர்ந்தால், நகர்வது தான்தான் என்று ட்ரோன் ஏமாந்துபோகலாம்.

காந்தமானி வடசென்னையில் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஜெனரேட்டர் வண்டி, கம்பி கட்டிய மொட்டை மாடி, கன்டெய்னர் லாரி என எந்த இரும்பும் அதைக் குழப்பிவிடும். அதற்காகக் கிளப்பும் முன்பு ட்ரோனைக் கையில் பிடித்து ஒரு சுற்று, மூக்கைக் கீழே சாய்த்து இன்னொரு சுற்று சுற்றுவார்கள். அன்றைக்கு ட்ரோன் இயக்க வந்த தம்பி அப்படிச் சுற்றியபோது மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: “இன்னாப்பா, மிஷினுக்கும் சுத்திப் போட்றியா?” கேட்டதோடு நிற்காமல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த நூலைக் கொண்டுவந்து ட்ரோனின் காலில் கட்டப் போனார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. கால் கிலோ ட்ரோனில் 40 கிராம் பழம் ஒரு பக்கம் தொங்கி ஊசலாடினால், மேலே சொன்ன திருத்தல் எல்லாம் அந்தப் பழத்தோடு மல்லுக்கட்டவே செலவாகும். அத்தையின் பிரியத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ராகு காலம் பார்த்து ட்ரோனைக் கிளப்பும் வீடுகளில், விசிறியில் விரிசல் இருக்கிறதா, காற்று எவ்வளவு என்று யாரும் பார்க்காதது எனக்கு வருத்தம் தருகிறது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும். ஊர்வலத்துக்கு நேர் மேலே பறக்கவிடாமல் பக்கத்தில் நிறுத்திச் சாய்வாகப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். படமும் அப்படி எடுத்தால்தான் முகங்களோடு வரும். 2021இன் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காக இயக்குபவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். எங்கே பறக்கலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்க வேண்டும். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையமும் உள்ள நம் பக்கத்தில் அதைப் பார்க்காமல் கிளப்பவே கூடாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. பாகங்களைப் பூட்டி ட்ரோனை இங்கேயே உருவாக்குகிறோம். 2022இல் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடையும் வந்துவிட்டது. ஆனால் அந்த எள்ளளவு சில்லை உலகச் சந்தையில் பெரும்பாலும் தருவது ஜெர்மனியின் பாஷ், ஜப்பானின் டிடிகே போன்ற நிறுவனங்கள்தான். 2020-21 கணக்குப்படி, ஆராய்ச்சிக்கு நாம் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சிலிக்கானில் பேன் சீப்பு செதுக்கத் தெரிந்த மாணவர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தூசி புகாத சுத்த அறையும் கருவியும் பத்து வருடப் பொறுமையும் கொடுக்க அரசுக்கு மனம் வர வேண்டும். மானியத்தை விசிறி பூட்டுவதற்கு மட்டும் கொடுத்தால் அந்தச் சில்லு இங்கே வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு வந்தான். என் போனிலும் அதே மாதிரிச் சில்லு இருக்கிறது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியில் ஜைரோஸ்கோப்பைத் திறந்து, போனைச் சுழல் நாற்காலியின் நடுவில் வைத்தோம். இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்று நான் எண்ண, அவன் நாற்காலியைச் சுற்றினான். திரையில் 3.1, 3.2 என்று ஆடி, பெரும்பாலும் 3.14ஐ ஒட்டியே நின்றது. “மாமா, இது பை ஆச்சே! இதுக்குள்ள எப்படி வந்துச்சு?” என்று கேட்டான். ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துவரச் சொன்னேன்.