கொட்டிலில் இருந்து கூட்டத்துக்கு: தாயில்லாத யானைக்கன்றுகள் காடு திரும்பும் விதம்

கென்யாவின் நைரோபி தேசியப் பூங்காவுக்குள் ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே மரக்கிளைகளில் பழைய கம்பளிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பால் நேரத்தில் பராமரிப்பாளர் கம்பளிக்குப் பின்னால் நின்றுகொண்டு பெரிய பால்புட்டியை நீட்டுவார். கன்று துதிக்கையை உயர்த்தி கம்பளியின் மேல் பரத்தி வைக்கும். பிறகுதான் நிதானமாகக் குடிக்கத் தொடங்கும். காட்டில் பால் குடிக்கும்போது அதன் துதிக்கை தாயின் உடம்பில் படிந்திருக்கும். அந்த ஸ்பரிசம் இல்லாமல் பாலை மட்டும் கொடுத்தால், பசித்த கன்றுகூடச் சில சமயம் வாய் வைக்காது.

தந்தத்துக்காகத் தாய் சுடப்பட்டிருக்கும், வறட்சியில் விழுந்திருக்கும், அல்லது கால்நடைகளுக்காகத் தோண்டிய கிணற்றில் கன்று விழுந்து, கூட்டம் காத்திருந்து பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். இப்படித் தனித்துப்போன கன்றுகளை கென்ய வனவிலங்குத் துறையோடு சேர்ந்து ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை மீட்டு வளர்க்கிறது. 1977-இல் தொடங்கிய இந்த அமைப்பு இதுவரை 300-க்கும் மேற்பட்ட கன்றுகளை வளர்த்திருக்கிறது. இவ்வளவையும் கையால் பால் ஊட்டி வளர்த்துவிட்டு, அவற்றை எப்படிக் காட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்? கூண்டைத் திறந்துவிட்டால் பறவை பறந்துபோவதைப் போன்ற காரியம் இல்லை இது. யானைக்குக் காடு என்றால் முதலில் சொந்தபந்தம். மரமும் தண்ணீரும் அதற்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் பாலே பெரிய சிக்கலாக இருந்தது. பசும்பாலின் கொழுப்பு யானைக்கன்றுக்குச் செரிக்காது; கழிச்சல் கண்டு சில நாட்களில் இறந்துவிடும். அறக்கட்டளையை நிறுவிய டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் முயன்று தோற்று, கடைசியில் கண்ட விடை நம் வீட்டு அடுக்களையில் இருப்பது: தேங்காய் எண்ணெய். யானைப் பாலின் கொழுப்பில் காப்ரிக், லாரிக் அமிலங்கள் மிகுதி. தேங்காய் எண்ணெயிலும் லாரிக் அமிலம்தான் அதிகம். குழந்தைகளுக்கான பால்மாவில் தேங்காய் எண்ணெய் கலந்து கொடுத்தபோது கன்று பிழைத்தது. கைக்கன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் பால் கொடுத்தாக வேண்டும்.

பால் சரியான பிறகும் ஒரு சாவு நடந்தது. 1970-களில் ஆயிஷா என்ற கன்றை டாஃப்னியே தாயாக இருந்து வளர்த்தார். அது நன்றாகத் தேறி வந்தது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாட்கள் வெளியூர் போனார். ஆயிஷா பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. அவர் திரும்பி வந்தபோது அதைக் காப்பாற்றும் கட்டம் கடந்திருந்தது. இரண்டாம் முறையும் தாயை இழந்ததாகவே அந்தக் கன்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் காப்பகத்தின் இன்றைய நடைமுறைகள் எல்லாம் அந்த ஒரு சாவிலிருந்து பிறந்தவை என்பேன்.

இப்போது எந்தக் கன்றுக்கும் ஒரே ஒரு ‘அம்மா’ கிடையாது. கொட்டிலில் கன்றோடு ஒரு பராமரிப்பாளர் படுத்துக்கொள்வார். ஆனால் இன்று படுத்தவர் நாளை வேறு கொட்டிலுக்குப் போய்விடுவார். பால் கொடுப்பவரும் மேய்க்கப் போகிறவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பாசத்தைக் குறைப்பது இதன் நோக்கம் அன்று. ஒரே இடத்தில் குவியக்கூடிய பாசத்தைப் பல பேரிடம் பரப்புகிறார்கள். யானைக் கூட்டத்திலும் கன்று அப்படித்தான் வளர்கிறது. பெற்றவள் ஒருத்தி, தூக்கி நிறுத்துபவள் அக்கா, சேற்றில் சிக்கினால் ஓடிவருபவள் சித்தி, எப்போது எந்தத் தண்ணீருக்குப் போவது என்று முடிவெடுப்பவள் பாட்டி.

மனிதர்கள் தாங்கிப் பிடிப்பது முதல் படி. இரண்டாவது படி சக கன்றுகள். மீட்டுக் கொண்டுவரும் கன்று முதல் சில நாட்கள் மனிதரைக் கண்டாலே முட்ட வரும். இரவில் அலறி எழும் கன்றுகள் உண்டு. அப்படிப்பட்ட கன்றின் பக்கத்துக் கொட்டிலில், ஏற்கெனவே பழகிய சாதுவான கன்று ஒன்றை விடுவார்கள். இடைவெளி வழியாக ஒரு துதிக்கை நீளும். புதிதாக வந்ததன் முகத்தை முகர்ந்து, வாய்க்குள் நுனியை வைக்கும். யானைகளுக்குள் இது வணக்கமும் நலம் விசாரிப்பும் சேர்ந்தது. மனிதர் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தத் தொடுகை புரியவைத்துவிடுகிறது.

இதற்கு உடல் சார்ந்த சான்றும் உண்டு. வடக்கு கென்யாவின் சம்புரு பகுதியில் காட்டிலேயே வாழும் தாயற்ற இளம் யானைகளின் லத்தியைச் சேகரித்து, அதில் மன அழுத்த ஹார்மோனின் எச்சத்தை அளந்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கூட்டத்தில் ஒத்த வயதுத் தோழர்கள் எத்தனை அதிகமோ, அந்த எச்சம் அத்தனை குறைவு. விளையாட்டுத் துணை இருந்தால் கன்றின் உடலிலேயே மாற்றம் தெரிகிறது.

ஏறத்தாழ மூன்று வயதில் இடமாற்றம். சாவோ கிழக்கு தேசியப் பூங்காவில் வோய், இதும்பா என இரண்டு கொட்டில்கள். கிப்வேசி காட்டில் உமானி ஸ்பிரிங்ஸ் என மூன்றாவது. கிளம்பும் முன் பல நாட்கள், பால்புட்டியைக் காட்டி லாரிக்குள் ஏறி இறங்கப் பழக்குவார்கள். பழகிய தோழர்களைச் சேர்த்தே அனுப்புவார்கள். தனியாக ஒன்றை அனுப்பினால் இத்தனை நாள் கட்டியது குலைந்துபோகும்.

இதும்பாவின் ஒரு நாள் இப்படிப் போகும். விடியற்காலையில் கொட்டில் திறக்கும்போதே வெளியே பெரிய யானைகள் நின்றுகொண்டிருக்கும். அவையும் ஒரு காலத்தில் இதே கொட்டிலில் பால் குடித்தவை. கன்றுகள் பால் குடித்து முடித்ததும் எல்லாம் கலந்து புதர்க்காட்டுக்குள் மேயப் போகும். பராமரிப்பாளர்கள் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே நடப்பார்கள். எந்தப் பட்டையை உரிக்கலாம், எந்தக் கொடியின் வேர் ருசி என்று கன்று பெரியவற்றின் வாய்க்குள் துதிக்கையை விட்டுத் தெரிந்துகொள்ளும். நண்பகலில் சேற்றுக்குளியல். அது முடிந்தால் செம்மண்ணை அள்ளி மேலே போட்டுக்கொள்ளும் புழுதிக்குளியல். சாவோ யானைகள் செந்நிறமாகத் தெரிவது இந்த மண்ணால்தான். மாலையில் சிறிய கன்றுகள் கொட்டிலுக்குத் திரும்பும். இரவுக்காட்டில் சிங்கம் இருக்கிறது.

சேற்றுக்குளத்தில் நன்றாக நனைந்த கரையைக் கவனித்தால் உறவுமுறை தெரியும். சின்னக் கன்று ஏற முயன்று வழுக்கும். அது குரல் கொடுத்ததும் நான்கைந்து இளம் பிடிகள் ஒரே நேரத்தில் ஓடிவரும். ஒன்று முன்னங்காலை மடக்கி, பின்னால் இருந்து நெற்றியால் தள்ளும். இன்னொன்று துதிக்கையால் வளைத்து இழுக்கும். கன்றைக் கொஞ்சும் உரிமை யாருக்கு என்பதில் பிடிகளுக்குள் போட்டி உண்டு. விருப்பமான கன்றை மாலையில் கொட்டிலுக்குப் போகவிடாமல் தங்களோடே கூட்டிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. பராமரிப்பாளர்கள் தேடிப் போய் அழைத்துவர வேண்டியிருக்கும். பெற்ற தாயிடம் வளரும் வாய்ப்பு கிடைக்காத இவை பிறர் கன்றுக்குத் தாயாக இவ்வளவு ஆவலோடு இருப்பதை எண்ணி எனக்கு வியப்பு தீரவில்லை.

இந்த மூத்த யானைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவில் அது நடந்திருக்கிறது. குரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரிய யானைகளைச் சுட்டுவிட்டு, தப்பவைத்த கன்றுகளை மட்டும் பிலானஸ்பெர்க் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1990-களில் அங்கே வளர்ந்த இளம் களிறுகள் உரிய வயதுக்கு முன்பே மதம் பிடித்து, 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-இல் ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டதும் கொலைகள் நின்றன. மூத்த களிறு பக்கத்தில் இருந்தால் இளசுகளின் மதம் அடங்கிவிடுகிறது. அதே பிலானஸ்பெர்க்கில் 2013-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பதிவுசெய்த குரல்களை ஒலிக்கவிட்டபோது, கென்யாவின் அம்போசெலி பூங்காவில் உள்ள குலையாத குடும்பங்கள் பழகிய குரலையும் அந்நியக் குரலையும் பிரித்தறிந்தன. பிலானஸ்பெர்க் யானைகளால் முடியவில்லை. கூட்டம் சிதைந்து சில பத்தாண்டுகள் கடந்தும் அந்த இடைவெளி நிரம்பவில்லை.

ஆகவே சாவோவில் முதல் தலைமுறை அனாதைகள் தோள்மேல் விழுந்த பொறுப்பு பெரிது. 2004-இல் இதும்பா தொடங்கியபோது, தந்த வேட்டைக்குப் பயந்து காட்டு யானைகள் அந்த வடபகுதியைக் கைவிட்டிருந்தன. யாட்டா, வெண்டி, முலிகா போன்ற இளம் பிடிகளே ஒன்றுக்கொன்று குடும்பமாகிக் கூட்டம் அமைத்தன. பிறகு காட்டுக் களிறுகள் தயங்கித் தயங்கி, முதலில் இரவில், தண்ணீர் தேடி வந்தன. வோயில் நிலைமை வேறு. அங்கே காட்டுக் கூட்டங்கள் முன்பே இருந்ததால் அவற்றோடு நேரடியாகக் கலக்க வழி இருந்தது.

இலங்கையின் உடவளவை யானை இடைத்தங்கல் முகாம் 1995 முதல் வேறு பாதையில் போகிறது. அங்கே மனிதத் தொடர்பைப் பால் கொடுக்கும் நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, வளர்ந்தவற்றைக் குழுவாகக் காட்டில் விடுகிறார்கள். மனிதர் நெருங்கும் தூரம் வேறானாலும், தோழர்களைப் பிரிக்கக் கூடாது என்பதில் இரண்டு இடங்களும் ஒன்றுபடுகின்றன.

சாவோவில் ‘இன்று விடுதலை’ என்று நாள் குறிப்பதே கிடையாது. ஒருநாள் மாலை கன்று கொட்டிலுக்கு வராமல் பெரியவற்றோடு போய்விடும். மறுநாள் காலையில் திரும்பி வந்து நிற்கும். சில வாரம் கழித்து இரண்டு இரவு வெளியே தங்கும். சில யானைகளுக்கு இது ஓரிரு ஆண்டில் முடியும். சிலவற்றுக்கு வயது பத்தைத் தொட்டுவிடும். களிறாக இருந்தால் பருவம் வந்ததும் பிடிகளை விட்டு விலகி மூத்த களிறுகளின் பின்னால் போகப் பழகும். கதவு இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது. விஷ அம்பு பாய்ந்த களிறுகள், பல மாதம் காட்டில் இருந்துவிட்டு, மருந்துக்காக இதும்பாவுக்கு நடந்து வந்திருக்கின்றன. கொட்டிலையே அறியாத காட்டுக் களிறுகளும் அவற்றோடு வந்து நின்றிருக்கின்றன.

2011-இல் முலிகா ஈன்ற கன்றுக்கு முவேண்டே என்று பெயர் வைத்தார்கள். இதும்பாவிலிருந்து காடேறிய பிடிகளுக்குப் பிறந்த முதல் கன்று அது. அதன் பிறகு கன்று ஈன்ற பிடிகள், இருபத்திரண்டு மாதம் சுமந்து பெற்றதைக் கூட்டிக்கொண்டு, பழைய கொட்டில் வாசலுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. பராமரிப்பாளர்கள் எட்டவே நிற்பார்கள். தாய் அருகில் வந்து துதிக்கையை நீட்டும். அதன் முன்னங்கால்களுக்கு இடையில் நிற்கும் கன்றுக்கு இந்த மனிதர்கள் யாரென்று தெரியாது. சற்று நேரத்தில் சித்திகள் இரண்டு பக்கமும் நெருங்கிவர, கன்றை நடுவில் விட்டுக்கொண்டு கூட்டம் புதருக்குள் திரும்பும்.