தொடக்கப் பள்ளியில் கையடக்கக் கணினி: யாருக்கு, எதற்கு?

"எங்கள் பிள்ளைக்கு டேப்லெட் எப்போது கொடுப்பார்கள்?" அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கென்று வந்திருக்கும் கையடக்கக் கணினி ஆசிரியருக்கு உரியது. 79,723 ஆசிரியர்களுக்கு, ஏறத்தாழ 101 கோடி ரூபாய் செலவில், 2024இல் அரசு இவற்றை வழங்கத் தொடங்கியது. பிள்ளைக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி தர வேண்டிய அரசுப் பள்ளியில் இதற்காகப் பணம் கேட்கவும் இடமில்லை.

இது எதற்காக வந்தது என்பதைப் புரிந்துகொள்ள 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எழுத்தே அறியாமல் மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை நிரப்ப, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கண்டறியும் மதிப்பீடு செயலி வழியாக நடக்கிறது.

அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் ஒரு குழந்தையை அருகில் அழைக்கிறார். திரையில் 'பட்டம்' என்று ஒரு சொல். குழந்தை 'ப' என்று தொடங்கி, 'ட்'டில் தயங்கி, மீண்டும் முயன்று சொல்லிவிடுகிறது. ஆசிரியர் அதைப் பதிவு செய்கிறார். அந்தத் தயக்கம்தான் அடுத்த நாள் பாடத்துக்கான குறிப்பு. அதைக் கவனிக்கக் கூடிய ஆசிரியரின் நேரமே பிள்ளைக்குச் சேர வேண்டிய முதல் உரிமை என்பேன். பதிவேற்றமே வேலையாகி, வகுப்பு அமைதியாக உட்கார வைக்கப்படுமானால் கருவியால் நட்டம்தான். முன்பு இதற்கு ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசியையே பயன்படுத்த நேர்ந்தது. அந்தச் சுமை குறைவது நியாயமே.

பாடநூல்களில் அச்சாகியிருக்கும் க்யூஆர் குறியீட்டைத் திறந்து பாடலோ கதையோ காட்டவும் இது உதவும். காட்டியபின் பிள்ளைகள் எழுந்து ஆட வேண்டும், பாட வேண்டும், மணலில் எழுத வேண்டும். ஆறு வயது விரலுக்குக் கண்ணாடித் திரையைவிடப் பல்பமும் பலகையும் அதிகம் கற்றுத்தரும்.

வீட்டுக்கும் ஓர் அளவு உண்டு. ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் இணையவழிப் பாடத்துக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்கிறது. மழலையர் வகுப்புக்கு அரை மணி நேரமே உச்சம். பொழுதுபோக்குக்காகக் கைப்பேசி பார்ப்பதை இந்தக் கணக்கு தொடவில்லை. அதைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் பெற்றோர்.

பள்ளியில் கருவி அலமாரியில் பூட்டிக் கிடந்தாலும், நாள் முழுக்க ஓடினாலும் கேட்க உங்களுக்கு இடம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: என் பிள்ளை இப்போது அரும்பா, மொட்டா, மலரா? அடுத்த நிலைக்குப் போக என்ன செய்கிறீர்கள்? பதில் கிடைக்காவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் பேசலாம்.