ஓடும் இன்ஜின் ஊமையானால்: மாதிரி ரயிலில் ஒலி அறுபடும் இடங்கள்

எச்.ஓ. அளவு மாதிரி டீசல் இன்ஜின், அசல் வண்டியில் 87-இல் ஒரு பங்குதான். அந்தச் சிறிய கூட்டுக்குள், மோட்டாருக்கு மேலே, ஒரு மின்சுற்றுப் பலகை பொருத்தப்பட்டிருக்கிறது. டிகோடர் எனப்படும் அந்தப் பலகைதான் ஓட்டம், விளக்கு, ஒலி மூன்றையும் ஆள்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டே ஊமையாகிவிட்டால், டிகோடர் போய்விட்டது என்று பலர் உடனே புதியதை வாங்கக் கிளம்புகிறார்கள். அவசரம் வேண்டாம். இன்ஜின் ஓடுகிறது என்றால் மின்சாரம் வருகிறது, கட்டளையும் புரிகிறது. பழுது பெரும்பாலும் அதற்கு அப்பால்தான் இருக்கும்.

இன்ஜினுக்கான கட்டளைகளைத் தண்டவாளம் வழியாகவே டிஜிட்டலாக அனுப்பும் டி.சி.சி. முறையில், தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் திசை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறுகிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோ விநாடி நீடித்தால் ‘0’. இந்த நீளங்களைப் படித்தே டிகோடர் கட்டளையை அறிகிறது. பிறகு நினைவகத்தில் உள்ள இன்ஜின் உறுமல், ஹாரன், மணி ஆகிய ஒலிப்பதிவுகளைக் கலந்து, ஒரு சிறு பெருக்கி வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

முதலில் கூட்டைத் திறக்காமலே பார்க்க வேண்டியது கையில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவி. பல டிகோடர்களில் எஃப்8 பொத்தான் ஒலியை அடக்கும். வேறு சிலவற்றில் எஃப்1 அல்லது எஃப்8-ஐ அழுத்தினால்தான் ஒலியே தொடங்கும். அடுத்தது ஒலியளவு. சி.வி. எனப்படும் அமைப்பு எண்களில் அது பதிந்திருக்கும்: ஈ.எஸ்.யு. நிறுவனத்தின் டிகோடர்களில் சி.வி. 63, சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் டிகோடர்களில் சி.வி. 128. அங்கே சுழியம் இருந்தால் பழுது அவ்வளவுதான்.

ஒலி முழுவதும் போகாமல் விட்டுவிட்டுக் கேட்டால், அழுக்கைத் தேடுங்கள். தண்டவாளத்திலும் சக்கரத்திலும் படியும் கறுப்புப் படலம் மின்சாரத்தைக் கணநேரம் தடுக்கிறது. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் கனச்சக்கரம் அந்தக் கணத்தைத் தாண்டி வண்டியை இழுத்துச் சென்றுவிடும். டிகோடருக்கு அப்படி ஒரு சேமிப்பு இல்லை. மின்சாரம் அற்றதும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஓட்டத்தில் குறை தெரியாமலே ஒலி மட்டும் அறுபடுவது இதனால்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடையுங்கள். சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடுகள் வளைந்து விலகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மின்தேக்கி இணைக்க இடம் உள்ள டிகோடரில் அதை இணைத்துவிட்டால், சிறு தடங்கல்களை அது ஈடுகட்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால், சி.வி. 8-இல் 8 என்று எழுதுவது மேற்சொன்ன இரண்டு வகை டிகோடர்களையும் ஆலை அமைப்புக்குத் திருப்பும். ஒலிப்பதிவுகள் அழியாது. இன்ஜினின் முகவரி மட்டும் 3-க்கு மாறிவிடும். பழைய எண்ணில் அழைத்தால் வண்டி அசையாது.

இனி கூட்டைத் திறக்கலாம். ஸ்பீக்கரின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் 7 ஓம் அளவில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை: உயிருள்ள ஸ்பீக்கர் ‘டக்’ என்னும். கூட்டைப் பழையபடி மூடும்போது நசுங்கி அறுந்த கம்பியும் இங்கேதான் அகப்படும்.

மாற்று ஸ்பீக்கர் வாங்கும்போது ஓம் கணக்கில் அலட்சியம் கூடவே கூடாது. ஈ.எஸ்.யு.வின் பழைய லோக்சவுண்ட் 3.5 டிகோடர் 100 ஓம் ஸ்பீக்கருக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் தாங்க முடியாத மின்னோட்டம் பாய்ந்து பெருக்கி கருகிவிடும். ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளில் எதுவும் உலோகச் சட்டத்தைத் தொடவும் கூடாது. அதுவும் பெருக்கிக்கு எமன்தான்.

ஸ்பீக்கர் நலமாக இருந்தும் ஒலி மெலிந்து கேட்டால், அதன் பின்புறப் பெட்டியைப் பாருங்கள். கூம்பின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. பெட்டியில் இடுக்கு இருந்தால் அவை சந்தித்து, அடித்தொனியை அழித்துவிடும். டீசல் உறுமலின் கனம் முழுவதும் அந்தத் தொனியில்தான் இருக்கிறது. ஓரத்தைப் பசையால் காற்றுப் புகாமல் அடைத்து, ஒலியளவைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு முதல் ஓட்டம் விடுங்கள்.