தகடு சேர்த்தால் வாகனம் உயரும், சுமைவரம்பு உயராது

இந்த மாதத்தில் இப்படி என் கராஜுக்கு வந்த மூன்றாவது வாகனம் இது. வில்பத்துப் பக்கம் போய்க் கொழும்புக்குத் திரும்பிய டபிள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் திறந்த பின்பெட்டியும் உள்ள வாகனம்). பின்பெட்டிக்கு அடியில், வாகனத்தின் அடிச்சட்டமான சேசிஸில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, பின்பக்கம் பதியக்கூடாது என்றுதானே ஸ்பிரிங்குக்கு இரண்டு தகடு கூடப் போட்டேன்?"

தகடு போட்ட துணிவில்தான் அவர் அவ்வளவு சாமானை ஏற்றியிருக்கிறார். கூடாரம், குளிர்பெட்டி, தண்ணீர், டீசல் கேன்கள், அவற்றுக்கு மேல் ஐந்து பேர்.

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் பலருக்கு ஏறுவதில்லை. தகடு சேர்த்தால் வாகனம் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பின் அச்சு பழைய அச்சு. பெயரிங், சேசிஸ், பிரேக், டயர் எல்லாம் பழையவை. தயாரிப்பாளர் குறித்த மொத்த நிறை வரம்பில் ஒரு கிலோகூட ஏறவில்லை. ஷொக் அப்சோபரை மாற்றித் தரச் சொல்பவர்களும் வருகிறார்கள். அது துள்ளலை அடக்குவதற்கு; பாரம் சுமப்பது ஸ்பிரிங்கின் வேலை. தகட்டு ஸ்பிரிங் உள்ள கெப்பில் பாரம் தாங்க ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை பொருத்தினால், முன்பு ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளில் பகிர்ந்து இறங்கிய பாரத்தின் பெரும்பங்கு சேசிஸின் ஒரே இடத்தில் குத்துகிறது. மேடுபள்ளத்தில் அந்த இடம் வளையும்.

இன்னொன்று. பல கெப்களில் பின்பக்கம் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் வால்வு உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டு அதைச் சரிசெய்யாவிட்டால், நிறைந்த வாகனத்தை வெறும் வாகனமாகக் கணித்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தகடு போடும் இடங்களில் இதைக் கவனிப்பவர்களை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சாமானை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் கணக்கு. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சில் ஏறுவது 133 கிலோ. முன் அச்சில் 33 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் இலேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், இரவில் உங்கள் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஆகவே முதலில் சமதரையில், வெறும் வாகனத்தில், சக்கர மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். வெறுமையாகவே பதிந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பாரம் ஏற்றினால்தான் பதிகிறது என்றால், ஆட்களோடும் சாமானோடும் எடைப்பாலத்தில் நிறுங்கள். வரம்பைத் தாண்டினால் இறக்குங்கள், வேறு வழியில்லை. தண்ணீர் கேன்களை இருக்கைக்குப் பின்னால் ஒட்டி, தாழ்வாகக் கட்டுங்கள். எப்போதும் அதே சுமையோடு ஓடுபவர்கள் மட்டும், வரம்புக்குள் நின்று, அந்த நிறைக்கேற்ற ஸ்பிரிங்கைத் தேடலாம்.

தயவுசெய்து பயணத்துக்கு முதல்நாள் மாலை தகடு போடச் சொல்லி வந்து நிற்காதீர்கள். ஒரு வாரம் முன்னதாக, ஏற்றப்போகும் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நிறுத்துப் பார்த்த பிறகு ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவோம்.