தோட்டப் பாடசாலைக்குத் தண்ணீர், மலசலகூடம், பாதுகாப்பான மண்: யாரிடம், எப்படிக் கேட்பது?

இலங்கையின் மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் சூழலைச் சுகாதாரமாக்க அரசாங்கத்தின் உதவியைக் கேட்கப் போகிறீர்களா? ஒரே மேசையில் கொடுத்துவிட்டு வரக்கூடிய விண்ணப்பம் எதுவும் இதற்கு இல்லை. தண்ணீருக்கு ஓர் அலுவலகம், மலசலகூடத்துக்கு இன்னொன்று, வகுப்பறைக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டுக்கு வேறொன்று, வேலியோரம் அடிக்கப்படும் பீடைகொல்லி மருந்துக்கு மற்றொன்று. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால், ஒவ்வோர் அலுவலகமும் தனக்குரியதல்லாத வரியைச் சுட்டிக்காட்டி மனுவைத் திருப்பிவிடும். மலையகத்துப் பெற்றோர் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்துதான் அந்த வரிசைகளில் நிற்கிறார்கள். "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்பவருக்கு அந்த நாளின் விலை தெரிவதில்லை.

பெயரைக் கேட்டவுடன் பொருத்தமாகத் தோன்றும் திட்டங்கள் இரண்டு. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தில் பிள்ளைகள் மரம் நடுவார்கள், குப்பை பிரிப்பார்கள், பதக்கம் பெறுவார்கள். நல்ல விடயம்தான். சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து நடத்தும் சுகாதார மேம்பாட்டுப் பாடசாலைத் திட்டத்தில் பாடசாலையை மதிப்பிடுவார்கள். இரண்டுமே கட்டடத்துக்குப் பணம் தரும் திட்டங்கள் அல்ல. தண்ணீர்த் தாங்கி கேட்டு எழுதிய கடிதம் தவறி இவற்றின் கோப்புக்குள் போய்விட்டால், ஜூன் 5 சுற்றாடல் தினத்தன்று ஒரு பெனரும் சில மரக்கன்றுகளும் வந்து சேரும். படமும் எடுப்பார்கள். பிள்ளைகள் கை கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் மரக்கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

எனவே கடிதத்தில் பசுமை, அழகு, எதிர்காலச் சந்ததி எதுவும் வேண்டாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை மலசலகூடங்கள், அவற்றில் எத்தனைக்குக் கதவு இருக்கிறது, எந்த மாதங்களில் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்) வற்றுகிறது என்று எழுதுங்கள். 25 மாணவியருக்கு ஒரு மலசலகூடம், 50 மாணவருக்கு ஒன்றும் சிறுநீர் கழிக்கும் இடமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பாடசாலை வழிகாட்டி சொல்லும் அளவு. உங்கள் எண்ணிக்கையை அதற்கு அருகில் வைத்துக் காட்டுங்கள். பெரிய பிள்ளைகளின் விடயத்தையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். மாதவிடாய் அணையாடை வாங்க அரசாங்கமே வவுச்சர் கொடுத்திருக்கிறது; அதை மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவும் அப்புறப்படுத்த ஒரு வாளியும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை அந்த நாட்களில் வீட்டில்தான் இருப்பாள்.

பாடசாலை யாருடையது, காணி யாருடையது

மனுக்கள் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தேசிய பாடசாலை என்றால் பொறுப்பு கொழும்பிலுள்ள கல்வி அமைச்சுக்கு. மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு, அதன் கீழ் வலயக் கல்விப் பணிமனைக்கு. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். அப்படியிருக்க, கல்வி அமைச்சருக்கு எழுதினால்தான் வேலை நடக்கும் என்று நம்பி நேரே கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அது அங்கிருந்து மாகாணத்துக்கும், மாகாணத்திலிருந்து வலயத்துக்கும், வலயத்திலிருந்து "அறிக்கை தருக" என்ற குறிப்புடன் உங்கள் அதிபருக்கும் வந்து சேரும்போது வருடத்தின் பாதி போயிருக்கும். முதல் கடிதம் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போகட்டும். பிரதிகள் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும். மாகாணக் கல்வி அமைச்சருக்கு எழுதச் சொல்லி யாராவது அனுப்பினால், மத்திய மாகாண சபையின் காலம் 2018 இலும் ஊவா மாகாண சபையின் காலம் 2019 இலும் முடிந்துவிட்டதையும், அதன்பின் நிர்வாகம் ஆளுநரின் கைக்குப் போனதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

காணிச் சிக்கல் இதைவிட மோசமானது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. பாடசாலை அரசாங்கத்தினுடையதானது, அது நிற்கும் மண் பல இடங்களில் காகிதத்தில் இன்னும் தோட்டத்துக்குள்தான் கிடக்கிறது. தோட்டங்கள் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்குப் போயின. இன்று மலசலகூடத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்ட பிறகும் "காணி உறுதிப்படுத்தப்படவில்லை" என்ற ஒரு வரியால் அது திரும்பிப் போகிறது. பாடசாலைக்கு ஒதுக்கப்பட்ட காணியின் நில அளவைப் படம் அதிபரிடமோ வலயத்திடமோ இருக்கிறதா என்று பணம் கேட்பதற்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால், இன்ன இடத்தில் கட்டுவதற்கு ஆட்சேபனை இல்லை என்று தோட்ட முகாமையாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பெரிய துரை, அதாவது முகாமையாளர், வாயால் "கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னதை நம்பி அத்திவாரம் வெட்டிய பெற்றோரை, அடுத்து வந்த துரை நிறுத்திவைத்ததைக் கண்டிருக்கிறேன். சீமெந்து மூட்டைகள் மழையில் கல்லாகிப் போயின. அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

பிரதேச சபைக்குப் போனால் "தோட்டத்துக்குள் வர எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற பதில் இன்னும் கிடைக்கலாம். அது பழைய கதை. பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் சேவை செய்ய வழிவிடப்பட்டிருக்கிறது. இதைச் சொல்லி வாதாட வேண்டாம். கடிதத்தின் முதல் பந்தியில் எழுதிக் கொடுங்கள், மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்கச் சொன்னதும் பல அதிகாரிகளுக்குச் சட்டம் நினைவுக்கு வந்துவிடுகிறது. தோட்டத்து ட்ரஸ்ட்டிடம், அதாவது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம் அனுப்பி நேரத்தைக் கடத்துவதும் உண்டு. லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), பிள்ளை மடுவங்கள் (குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள்), தொழிலாளர் நலன் ஆகியவை அதன் பக்கம். அரசாங்கப் பாடசாலையின் மலசலகூடம் கல்வித் திணைக்களத்தின் பக்கம்.

பெற்றோரின் புகாரை அதிகாரியின் காகிதமாக மாற்றுங்கள்

நீங்கள் எழுதினால் அது புகார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுதினால் அது அறிக்கை. அலுவலகம் இரண்டாவதைத்தான் கோப்பில் வைக்கும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது பரிசோதகர் பிள்ளைகளின் பல்லையும் எடையையும் மட்டும் பார்ப்பதற்காக வருவதில்லை; குடிநீர், மலசலகூடம், வகுப்பறை, கழிவு ஆகியவற்றையும் பார்த்துப் பதிய வேண்டும். அந்தப் பதிவு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருக்கும். அதிபர் கேட்டால் பிரதி கிடைக்கலாம். ஆனால் "குறை சொல்லும் அதிபர்" என்று பெயர் வாங்க அவர்களில் பலருக்கு விருப்பமில்லை. இடமாற்றப் பயம் உண்மையானது, அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் தீர்மானம் நிறைவேற்றி, கூட்டக் குறிப்பில் எழுதி, அதன்படி அதிபர் கடிதத்தை அனுப்பினார் என்று ஆக்கிவிட்டால் பாரம் அவர் தலையில் இருக்காது.

தண்ணீர் கலங்கலாக வருகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது என்று சொல்வது போதாது. பீலித் தண்ணீரின் மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும்படி பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்களே போத்தலில் நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள். மாதிரி எடுத்த முறை சரியில்லை என்று முடிவை ஒதுக்கிவிடுவார்கள்.

அடுத்த தடை செலவு மதிப்பீடு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரிக்காமல் ஒரு சதமும் ஒதுக்க முடியாது, அவருக்கோ வாகனம் இல்லை, எரிபொருள் இல்லை, மழை. நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான தேவைப்பட்டியல்கள் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே தயாராகும். நவம்பரில் மனு கொடுப்பவர் இந்த ஆண்டையும் தவறவிட்டு அடுத்த ஆண்டையும் தவறவிடுகிறார். முதலாம் தவணை முடிவதற்குள் மதிப்பீடு கையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். பணம் வந்த பிறகும் தூங்கக் கூடாது. டிசம்பர் 31 க்குள் வேலை முடியாத ஒதுக்கீடு திரும்பிப் போகும்.

சிறிய பாடசாலைகளுக்கு இன்னொரு பதில் காத்திருக்கும்: "மாணவர் தொகை குறைவு, எப்படியும் மூடப் போகிறார்கள்." மூடும் தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எடுக்கப்படவில்லை என்றால் அது காரணமே அல்ல. தண்ணீர் இல்லாததால் பிள்ளைகள் விலகுகிறார்கள், பிள்ளைகள் விலகியதால் தண்ணீர் தர மாட்டார்கள் என்ற வட்டத்தில் நல்ல பாடசாலைகள் தேய்ந்திருக்கின்றன.

மண்மேடு, மருந்து, குளவி

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பாடசாலைக்குப் பின்னால் மேடு இருந்தால், விரிசல் தெரிந்தால், சுவர் சாய்ந்தால், புதிய இடத்தில் ஊற்று கிளம்பினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை தேவை. பிரதேச செயலாளர் ஊடாகக் கேளுங்கள், பிரதி மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு. அதற்கு முன் மேட்டைச் சிரமதானத்தில் வெட்டிச் சரிசெய்யாதீர்கள். அடிவாரத்தை வெட்டுவதே சரிவைக் கூட்டிவரும். புதிய கட்டடத்துக்கும் இந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதால், மலசலகூடத்துக்கான இடத்தையும் அதே வருகையில் காட்டிவிடுங்கள். அறிக்கை வந்தால் பிரதியை வாங்காமல் விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைவதற்கு முன்பே அங்கே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. யாருக்கு, எந்தக் காகிதத்தில், யார் கையெழுத்தில் என்பதெல்லாம் பிறகுதான் தேடப்பட்டது.

தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் மருந்து அடிக்கும்போது காற்று பாடசாலைப் பக்கம் வீசினால் பிள்ளைகளுக்குக் கண் எரியும், வாந்தி வரும். தோட்ட முகாமையாளருக்கு எழுத வேண்டிய கோரிக்கை சிறியது: வேலியையொட்டிய தேயிலை மலையில் பாடசாலை நேரத்தில் அடிக்க வேண்டாம். பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பேராதனை கெட்டம்பேயிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கும். திகதி, நேரம், முடிந்தால் மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மருந்து வாடை பட்டதை வைத்தியரிடம் சொல்லி, நோய் நிர்ணய அட்டையில் பதியச் சொல்லுங்கள். பதியாவிட்டால் பிறகு அது வெறும் காய்ச்சல். தெளிப்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருடைய பிள்ளையும் அந்த வகுப்பில்தான் இருக்கும்.

குளவிக்கூடும், கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் டர்பன்டைன் மரமும் யாருக்கும் சொந்தமில்லாதவை போல நடத்தப்படுகின்றன. மரம் தோட்டத்தினுடையது, கூடு மரத்தில். தோட்டத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், மூவரின் பெயரும் மூன்று கடிதத்திலும் தெரியும்படி.

பதிலே வராதபோது

ஒவ்வொரு கடிதமும் பதிவுத் தபாலில் போகட்டும், அல்லது கையில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்கப்படாத கடிதம்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரஜை எவரும் கேட்கலாம். பெற்றோராக இருக்க வேண்டியதில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. "ஏன் எங்கள் பாடசாலைக்குச் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை அல்ல என்று தள்ளிவிடலாம். இப்படிக் கேளுங்கள்: வலயத்தின் இந்த ஆண்டு மலசலகூட, குடிநீர் முன்னுரிமைப் பட்டியலின் பிரதி, எங்கள் பாடசாலைக்கான மதிப்பீட்டின் பிரதி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள கடைசி இரண்டு பாடசாலைச் சுகாதாரப் பதிவுகளின் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பட்டியல் கேட்டு விண்ணப்பித்த பிறகு அந்தப் பட்டியலில் உங்கள் பாடசாலை திடீரென்று ஏறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் திரும்பி வராதீர்கள். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். உங்கள் பாடசாலையை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அல்லது பதுளை அலுவலகத்தில் ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதக் கெடு, அந்த முறைப்பாட்டின் விசாரணை நடக்கும் காலத்தில் கணக்கில் சேர்வதில்லை. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற வார்த்தையை நம்பிக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த ஒரு மாதத்தைத்தான்.

கடைசியாகக் கொடையாளர் விடயம். வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாராவது மலசலகூடம் கட்டித் தர முன்வந்தால், அத்திவாரத்துக்கு முன் வலயப் பணிப்பாளரின் எழுத்து அனுமதியையும் காணிக் கடிதத்தையும் வாங்குங்கள். கழிவுக்குழி நிரம்பினால் பிரதேச சபையின் பவுசர் (கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டி) எந்தப் பாதையால் வரும் என்று வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். மலை உச்சிப் பாடசாலைகளில் அழகான ஓடு பதித்த மலசலகூடங்கள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பவுசரின் குழாய் அங்கே எட்டாததுதான்.