நீரை நிறுத்தி எண்ணெயை விடும் சவ்வு

நுண்பாசியிலிருந்து உயிரி எரிபொருள் எடுப்பதில், பாசியை வளர்ப்பதைக் காட்டிலும் அதைச் சூழ்ந்த நீரைப் பிரிப்பதே பெரும்பாடு. திறந்த குளத்தில் அடர்பச்சையாகத் தெரியும் வளர்ப்பு நீரில்கூட, ஒரு லிட்டருக்கு உலர்ந்த பாசி பெரும்பாலும் 1 கிராமை எட்டுவதில்லை. அதிலும் எண்ணெய் ஒரு பகுதிதான். வழக்கமாகப் பாசியைத் திரட்டி, உலர்த்தி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயைக் கரைத்தெடுப்பார்கள். ஆனால் கொதிநிலையில் உள்ள 1 கிலோ நீரை ஆவியாக்கவே சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்பதால், கிடைக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு உலர்த்துவதிலேயே போய்விடுகிறது.

ஈரப் பாசியையே உயர் அழுத்தத்தாலோ மீயொலியாலோ சிதைத்தால் எண்ணெய் வெளிவரும். ஆனால் எளிதில் தனி அடுக்காகத் திரளாது. செல்லிலிருந்து கூடவே கசியும் புரதங்களும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புப் பொருள்களும் ஒவ்வொரு துளியையும் உறைபோல் போர்த்தி, துளிகள் ஒன்றுசேர்வதைத் தடுப்பதால், எண்ணெய்த் துளிகள் நீரில் சிதறி நிற்கும் கலங்கலான பால்மம்தான் மிஞ்சுகிறது. நுண்துளைகள் கொண்ட, பூச்சிட்ட சவ்வுக்கு வேலை இங்கேதான்.

சாதாரண வடிகட்டி அளவைப் பார்த்துப் பிரிக்கிறது. இந்தச் சவ்வோ, எது தன் மேல் ஒட்டிப் படர்கிறது என்பதைப் பார்த்துப் பிரிக்கிறது. நீரை வெறுத்து எண்ணெயை ஏற்கும் பூச்சைத் துளைகளின் உட்சுவர் வரை படியவைத்தபின், ஒரு துளையின் வாயில் நடப்பதைப் பார்ப்போம். நீரின் முகப்பு அங்கே புடைத்து நின்றுவிடுகிறது. எண்ணெய்த் துளியோ, அதன் உறை கிழிந்து சுவரைத் தொட்டவுடன் பரவித் துளைக்குள் இழுக்கப்படுகிறது. பின்வரும் துளிகளும் அதனுடன் கலக்கின்றன. துளையின் விட்டம் 0.2 மைக்ரோமீட்டர், எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை மீட்டருக்கு 0.025 நியூட்டன், எண்ணெய்க்குள் நீரின் தொடுகோணம் (நீரின் முகப்பு சுவரோடு சேரும் கோணம்) 120 பாகை என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 2.5 வளிமண்டல அழுத்தம் வரை நீர் உள்ளே நுழையாது.

ஆனால் துளியைப் போர்த்திய அதே புரதங்கள் இந்த இழுவிசையையும் குறைத்துவிடுவதால், நீர் கணக்கிட்டதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே கசிந்துவிடும். துளையைச் சுருக்கினால் நீர் அடங்கும், ஆனால் பிசுக்குள்ள எண்ணெயின் ஓட்டமும் தளர்ந்துபோகும். ஆகவே நுண்துளை அடுக்கை மெல்லியதாக்கி, பெருந்துளைகள் கொண்ட தடித்த தாங்கியின் மேல் அமைக்கிறார்கள்.

நீரை விட்டு எண்ணெயை நிறுத்தும் எதிர்வகைப் பூச்சும் உண்டு. அதில் அழுக்குப் படிவது குறைவு என்றாலும், மிகப் பெரும்பகுதியாக உள்ள நீர் முழுவதையும் சவ்வின் வழியே தள்ளவேண்டும். முடிவில் மிஞ்சுவதும் செறிவான பால்மமே என்பதால், எண்ணெயை விடும் வகையே பொருத்தமாகப் படுகிறது. அதன் பலவீனம் புரதப் படிவு. அதைக் காரக் கரைசலால் அடிக்கடி கழுவவேண்டும். மேலோட்டமாகப் படிந்த பூச்சு அந்தக் கழுவலிலேயே உரிந்துவிடக்கூடும் என்பதால், அதை வேதிப்பிணைப்பால் தாங்கியோடு இணைக்க முயல்கிறார்கள்.