'கிளமென்சி': மன்னிப்பா, தண்டனைக் குறைப்பா?

2024 பிப்ரவரி 2 அன்று மலேசிய மன்னிப்பு வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் 12 ஆண்டுச் சிறை 6 ஆண்டாகவும், 21 கோடி ரிங்கிட் அபராதம் 5 கோடியாகவும் குறைந்தன. இதை 'நஜிப்புக்கு மன்னிப்பு' என்று எழுதினால் தவறு. அவர் கேட்டதுதான் முழு மன்னிப்பு; கிடைத்தது தண்டனைக் குறைப்பு.

இரண்டையும் சேர்த்துச் சுட்டும் ஆங்கிலச் சொல் 'கிளமென்சி'. மென்மை, சாந்தம் என்று பொருள்படும் 'கிளமென்ஷியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'கருணை', 'கருணை மனு' எல்லோருக்கும் தெரிந்ததே. கருணை வடசொல் என்று தயங்குபவர்களுக்கு 'தண்ணளி' இருக்கிறது. குடிகளிடம் அரசன் காட்டும் அருளுக்கு நம் பழைய சொல் அது.

இதன் வகைகளில்தான் குழப்பம் அதிகம்.

'பார்டன்' என்பது மன்னிப்பு. 'முழுவதுமாகக் கொடுத்துவிடு' என்ற லத்தீன் வினை இதன் வேர். சிறையில் இருந்த மலேசிய அரசியல் தலைவர் அன்வர் இப்ராஹிமுக்கு 2018 மே மாதம் கிடைத்தது இதுதான். அதனால்தான் அவரால் அதே ஆண்டு அக்டோபரில் போர்ட் டிக்சன் இடைத்தேர்தலில் நின்று வெல்ல முடிந்தது.

'ரெமிஷன்' தண்டனைக் குறைப்பு. நாள் குறையும், குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கும். தூக்கு ஆயுளாவது போல தண்டனையின் வகையே மாறினால் அது 'கம்யூட்டேஷன்', அதாவது தண்டனை மாற்றம். அப்புறம் 'அம்னெஸ்டி'. கிரேக்கத்தில் மறதி என்று பொருள். ஒரு கூட்டத்தாரின் குற்றத்தையே அரசு மறந்துவிடுவது. பொதுமன்னிப்பு என்பது இதற்கு மட்டுமே பொருந்தும். தனி ஒருவருக்குப் பொதுமன்னிப்பு என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நஜிப் வழக்கில் எனக்கு உறுத்துவது வேறு. எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் என்ற அரசு நிறுவனத்தின் 4.2 கோடி ரிங்கிட் அவர் கணக்குக்குப் போனதற்காகத்தான் சிறை. 2022 ஆகஸ்டில் காஜாங் சிறைக்குப் போனவருக்கு, ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் பாதி தள்ளுபடி. சாதாரணக் கைதிக்கு நன்னடத்தையின்பேரில் பொதுவாகக் கழிவது மூன்றில் ஒரு பங்கு. வாரியமோ அறிக்கையில் காரணம் எதையும் சொல்லவில்லை. மக்கள் பணத்தை எடுத்தவருக்குச் சலுகை தரும்போது, ஏன் என்று மக்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் செய்தியை எழுதும் நாமும் 'மன்னிப்பு' என்று போட்டுக் குற்றத்தையே அழித்துவிடக் கூடாது. 'தண்டனை பாதியாகக் குறைப்பு' என்றே எழுதுவோம்.